மலைப்பாதையில் ஓட ஷூ வாங்குவது எப்படி?

ட்ரெயில் ஷூ வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நீங்கள் வழக்கமாக ஓடும் தூரத்தில் தார் ரோடு எவ்வளவு, இறுகிய மண்பாதை எவ்வளவு, கல்லும் வேரும் சகதியுமான ஒற்றையடிப் பாதை எவ்வளவு? கோவையில் வீட்டிலிருந்து கிளம்பி மலையடிவாரம் வரை நாலைந்து கிலோமீட்டர் தார் ரோட்டிலேயே ஓடிப் போகிறவர் ஒருவர். குன்னூரில் வாசலைத் தாண்டினாலே தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கால் வைக்கிறவர் இன்னொருவர். இருவருக்கும் ஒரே ஷூ ஒத்துவராது. விலை, நிறம், பிராண்டு எல்லாம் இந்தக் கணக்குக்கு அப்புறம்தான்.

காரணம் ரப்பரில் இருக்கிறது. ஈரப் பாறையைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் மென்மையானது. அந்த மென்மையாலேயே தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துபோகும். தேயாமல் உழைக்கிற ரப்பர் கெட்டியானது. ஈரக் கல்லில் அது வழுக்கும். உள்ளே இருக்கும் நுரைக்கும் இதே கதைதான்: மெத்தென்று இருப்பது சீக்கிரம் அமுங்கிவிடும், நாள்பட நிற்பது கொஞ்சம் கட்டையாக இருக்கும். ஆகவே பிடிமானத்தில் எவ்வளவு, உழைப்பில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை உங்கள் பாதை தீர்மானிக்கட்டும். இரண்டும் முழுசாக உண்டு என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் அதை விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுக்கவே கூடாதது ஒன்று உண்டு: காலுக்குப் பொருந்துவது.

எல்லாருக்கும் ட்ரெயில் ஷூ வேண்டும் என்பதும் இல்லை. ஏரிக்கரை, ஜீப் போகும் எஸ்டேட் ரோடு, காய்ந்த செம்மண் பாதை போன்றவற்றில் மட்டும் ஓடுகிறவருக்கு இருக்கிற ரோடு ஷூவே போதும். சரிவும் உதிரிக் கல்லும் ஈரமும் சேரும்போதுதான் ரோடு ஷூவின் குறைகள் வெளியே வரும். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் சரளைச் சரிவில் கால் சறுக்கும். ரப்பர் போர்த்தாத இடங்களில் நுரை நேரடியாகக் கல்லில் உரசிப் பிய்யும். மேலே உள்ள மெல்லிய வலைத்துணியை ஒரு முள்செடி கிழித்துவிடும்.

ட்ரெயில் ஷூவில் இந்த இடங்களைத்தான் பலப்படுத்தியிருப்பார்கள். அடியில் பற்கள் கொண்ட ரப்பர். இந்தப் பற்களை லக் என்பார்கள். விரல் நுனியில் கல் இடித்தால் தாங்க ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் காப்பு. கொஞ்சம் நெருக்கமாக நெய்த மேல்துணி. நல்ல ஷூக்களில் லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் இரு ஓரங்களையும் ஷூவோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள், மண்ணும் பொடிக்கல்லும் உள்ளே போகாமல் இருக்க. சிலவற்றில் நுரைக்கும் ரப்பருக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். கூரான கல்லின் குத்தல் பாதத்துக்கு ஏறாமல் அது தடுக்கும்.

முதலில் கால்

அளவு எடுப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். சுவரை ஒட்டி ஒரு தாளைத் தரையில் போட்டு, ஓடும்போது போடும் சாக்ஸோடு குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் அந்தக் காலில் ஊன்றி நில்லுங்கள். மிக நீளமான விரலின் முனையில் கோடு போடுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதையும் கவனியுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். சின்ன வித்தியாசம் பலருக்கும் இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ.

அந்த நீளத்துக்கு மேல் ஷூவுக்குள் 10 முதல் 12 மி.மீ. இடம் இருக்க வேண்டும். 26 செ.மீ. பாதமென்றால் உள்நீளம் ஏறக்குறைய 27 செ.மீ. இருந்தால் சரி. ரோடு ஷூவில் இதைவிடக் குறைவான இடத்தை வைத்துச் சமாளித்திருக்கலாம். இறக்கத்தில் கால் முன்னே தள்ளப்படும்போது அந்த இடம் போதாது. பிரிட்டிஷ் அளவில் ஒரு முழு எண்ணுக்கும் அடுத்த முழு எண்ணுக்கும் ஏறத்தாழ எட்டரை மி.மீ. வித்தியாசம், அரை எண்ணுக்கு நாலு மி.மீ. சொச்சம். அதனால் பெரும்பாலானவர்களுக்கு ஃபார்மல் ஷூ அளவைவிட அரை எண்ணோ ஒரு எண்ணோ கூடுதலாகத் தேவைப்படும். நாக்கின் பின்னால் ஒட்டியிருக்கும் செ.மீ. எண்ணை மட்டும் நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். பிராண்டுக்கு பிராண்டு அது கொஞ்சம் நகரும்.

கடையில் செய்து பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஷூவுக்குள் பாதம் படும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் குதிகாலைச் சரியாகப் பொருத்தி ஏறி நில்லுங்கள். முன்னால் ஒரு விரல் அகலம் மிஞ்சுகிறதா? சுண்டுவிரலோ கட்டைவிரலின் பக்கவாட்டோ இன்சோலுக்கு வெளியே தொங்குகிறதா? தொங்கினால் அந்த ஷூ உங்கள் காலுக்குக் குறுகலானது. எத்தனை எண் கூட்டினாலும் நீளம்தான் கூடுமே தவிர அகலம் வேண்டிய அளவு கூடாது.

அகலம் நம்மவர்களுக்கு நிஜமான பிரச்சினை. செருப்பில்லாமல் நடந்தே பழகிய இந்தியர்களின் பாதங்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, அப்படிப்பட்ட பாதம் மேற்கத்தியர் பாதத்தைவிட அகலமானது என்று காட்டியது. சின்ன வயதில் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் திரிந்தவர்களுக்கு விரல்கள் விரிந்துதான் இருக்கும். பல ஐரோப்பிய மலை ஷூக்களோ ஒடுங்கிய முன்பக்கத்தோடு வருகின்றன. ஆண்கள் ஷூவில் சாதாரண அகலத்துக்கு டி என்றும், அகலமானதற்கு 2ஈ என்றும், இன்னும் அகலத்துக்கு 4ஈ என்றும் குறிப்பார்கள். பெண்களுக்குச் சாதாரணம் பி, அகலம் டி. 2ஈ கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். ஆல்ட்ரா, டோப்போ போன்ற பிராண்டுகள் விரல்பகுதியை விரிந்த வடிவிலேயே செய்கின்றன.

போட்டுப் பார்க்கும்போது கடைக்குள் நாலு அடி நடந்தால் போதாது. படிக்கட்டு இருந்தால் வேகமாக இறங்குங்கள், சாய்வான மேடை இருந்தால் அதில் நில்லுங்கள். எதுவும் இல்லையென்றால் லேஸை இறுக்கிவிட்டு ஷூ முனையைத் தரையில் நாலைந்து தடவை குத்திப் பாருங்கள். விரல் முன்னால் போய் முட்டக் கூடாது. குதிகால் கொஞ்சம் அசையலாம். ஒவ்வொரு அடிக்கும் கழன்று எழும்பினால் அது கொப்புளத்தில்தான் முடியும்.

கட்டைவிரல் நகம் கறுத்துப்போவதைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், இதைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். நகம் கறுத்தால் ஷூ சின்னது என்று முடிவுகட்டி ஒரு எண் பெரிதாக வாங்குவார்கள். சில சமயம் நகம் முன்பைவிட மோசமாகும். காரணம், நகம் அடிபட இரண்டு வழிகள் உண்டு. ஷூ குட்டையாக இருந்தால் விரல் முட்டும். நடுப்பாதத்தில் பிடிப்பு இல்லாமல் தொளதொளவென்று இருந்தாலும் இறக்கத்தில் முழுப் பாதமும் முன்னே வழுக்கிப்போய் முட்டும். பெரிய ஷூ இந்த இரண்டாவது வகையை அதிகமாக்கும். எது உங்கள் சிக்கல் என்று அறிய, ஷூவைப் போட்டு லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளிக்கொண்டு, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். விரல் தாராளமாகப் போனால் நீளம் போதும்; சரிசெய்ய வேண்டியது லேஸை.

லேஸ் கட்ட ஒரு முறை. பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் கணுக்கால் பக்கம் கடைசியாக ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிடுவார்கள். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்தின் அந்தக் கடைசி ஓட்டையில் நுழைத்துச் சின்ன வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் விட்டுப் பின்னோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் பூட்டியதுபோல் நிற்கும். விரல்பக்கம் இறுக்கம் கூடாது. இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று இதை இறுக்கிக்கொண்டால் நகம் பிழைக்கும்.

பிடிமானம் எங்கிருந்து வருகிறது

பல்லின் ஆழம், பற்களுக்கு இடையிலான இடைவெளி, ரப்பரின் தன்மை என்று மூன்றும் சேர்ந்ததுதான் பிடிமானம். கடைக்காரர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் சொல்வார்கள்.

2, 3 மி.மீ. பல் இறுகிய மண்ணுக்கும் தார் ரோடு கலந்த ஓட்டத்துக்கும். 4, 5 மி.மீ. பொதுவான மலைப்பாதைக்கு, புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுவே பெரும்பாலும் சரி. 6 மி.மீ.க்கு மேல் சகதிக்கென்றே செய்தவை. டிராக்டர் டயரை யோசித்துக்கொள்ளுங்கள்: சேற்று வயலில் அதை மிஞ்ச ஒன்றில்லை, தார் ரோட்டில் அது குலுங்கித் தேய்கிறது. சகதி ஷூவின் பற்கள் அகல இடைவெளி விட்டு நிற்கும், அப்போதுதான் அடுத்த அடி வைக்கும்போது ஒட்டிய சேறு உதிரும். நெருக்கமான பற்களுக்குள் சேறு அடைத்துக்கொண்டால் ஆழம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிடும். கரிசல் மண் நனைந்த பின் எந்த ஷூவும் உதவாது. ஒவ்வொரு காலிலும் அரைக்கிலோ மண் ஏறும். அன்றைக்கு வேறு பாதை பார்ப்பதே நல்லது.

ஈரப் பாறையில் நிலைமை தலைகீழ். அங்கே ஆழமான, தள்ளித் தள்ளி நிற்கும் பற்கள் பாறையைத் தொடும் பரப்பைக் குறைக்கின்றன. தாழ்வான, அகலமான பற்களும் மென்மையான ரப்பருமே அங்கே நிற்கும். பல் ஆழம் என்றாலே பிடிமானம் என்று நினைத்துச் சகதி ஷூவோடு ஓடைப்பாறையில் இறங்குகிறவர்கள் விழுவது இதனால்தான். ரப்பரை ஓரளவு கையாலேயே சோதிக்கலாம்: ஒரு பல்லை நகத்தால் அழுத்துங்கள். லேசாகப் பதிந்து, கையில் சற்று ஒட்டுவதுபோல் இருந்தால் மென்மை. பிளாஸ்டிக் போல நகம் வழுக்கினால் கெட்டி. வைப்ரம் மெகாகிரிப் ஈரப் பாறையில் பேர்பெற்ற ரப்பர், பல பிராண்டுகள் அதை வாங்கித் தங்கள் ஷூவில் பொருத்துகின்றன. மஞ்சள் நிற எண்கோண முத்திரை அடியில் இருக்கும். வைப்ரம் நிறுவனத்தைத் தொடங்கிய இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, ஆல்ப்ஸ் விபத்து ஒன்றில் ஆறு நண்பர்களை இழந்த பிறகு, 1937-ல் பற்கள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கினார். இன்றைய லக்குகளெல்லாம் அதன் வழிவந்தவை.

பாசி படிந்த பாறை வேறு விஷயம். அங்கே கால் படுவது கல்லில் இல்லை, பாசியில். எந்த ரப்பரும் பாசியோடு சேர்ந்தே வழுக்கும். மழைக்காலத்தில் நீலகிரியிலும் ஏற்காட்டிலும் ஓடுகிறவர்கள் அத்தகைய இடங்களை நடந்தே கடக்க வேண்டும்.

பற்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்றும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். முன்பாதத்தில் உள்ளவை ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்காமலும், குதிகாலில் உள்ளவை எதிர்த்திசையில் திரும்பி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவும் அமைந்திருந்தால் நல்ல வடிவமைப்பு.

உயரம், ட்ராப், முள்

காலுக்கும் தரைக்கும் நடுவே நுரை எவ்வளவு என்பதைக் குதிகால் பக்கம் மி.மீ. கணக்கில் சொல்வார்கள். 25-க்குக் கீழே தாழ்வு. 28 முதல் 32 வரை நடுத்தரம். 35-ஐத் தாண்டினால் உயரம். உயரமான ஷூவில் நீண்ட தூரம் ஓடினாலும் தொடை அவ்வளவாகக் களைக்காது. ஆனால் உருளைக் கல்லில் சாய்வாகக் கால் பட்டால் கணுக்கால் மடங்க வாய்ப்பும் அதில்தான் அதிகம். ஒற்றையடிப் பாதையில் புதிதாக ஓடத் தொடங்குகிறவர் நடுத்தரத்திலேயே நிற்கலாம்.

ட்ராப் என்பது குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். குதிகாலில் 30, முன்பாதத்தில் 24 என்றால் ட்ராப் 6 மி.மீ. இதில் உயர்ந்தது தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. ஆனால் மாற்றம் மெதுவாக இருக்க வேண்டும். இதுவரை 10 மி.மீ. ட்ராப் உள்ள ரோடு ஷூவில் ஓடியவர் திடீரென்று ஜீரோ ட்ராப்புக்குப் போனால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அந்தப் பாரத்தைச் சுமக்கும், வலி எடுக்கும். ஆல்ட்ராவின் பல ஷூக்கள் ஜீரோ ட்ராப், ஹோக்கா பெரும்பாலும் 5 மி.மீ.யை ஒட்டி. விரும்பி மாறுகிறவர் வாரத்துக்கு ஒன்றிரண்டு சின்ன ஓட்டங்களில் தொடங்கிச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

சமவெளியையும் காய்ந்த குன்றுகளையும் ஒட்டி ஓடுகிறவர்கள் வெளிநாட்டு ஷூ விமர்சனங்களில் காணாத ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது: சீமைக்கருவேல முள். மென்மையான நுரையை அது அப்படியே துளைத்து உள்ளங்காலுக்கு வந்துவிடும். தடுப்புத் தகடு உள்ள ஷூவில் ஆபத்து குறையும். முழுக்கப் போகாது, தகடு ஓரங்களை மூடுவதில்லை, நடுவில் துளைகள் உள்ள தகடுகளும் உண்டு. ஓடி முடித்ததும் அடியைத் திருப்பி, நின்றுவிட்ட முள்ளை இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். விட்டால் அடுத்த ஓட்டத்தில் அது இன்னும் உள்ளே ஏறும்.

தண்ணீர் புகாத ஷூ வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: நம் ஊருக்கு வேண்டாம். கனமழையிலும் ஓடையிலும் தண்ணீர் கணுக்கால் வழியாகத்தான் உள்ளே வரும், வந்தது ஷூவுக்குள் வைத்திருக்கும் நீர் புகாப் படலத்தைத் தாண்டி வெளியே போகாது. வெயில் நாளில் வியர்வையும் அப்படியே தேங்கும். வலைத்துணி ஷூவில் தண்ணீர் நாலு அடியில் பிழிந்து வெளியேறும். அட்டைக் கடிக்கு எந்த ஷூவும் காப்பில்லை. அதற்கு நெருக்கமாக நெய்த நீள சாக்ஸ்தான்.

எவ்வளவு நாள் உழைக்கும்

500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. உடல் எடை கூடுதலானவர்களுக்கும் தார் ரோட்டில் அதிகம் ஓடுபவர்களுக்கும் குறையும். ஆனால் ஷூ எங்கே முதலில் தோற்கிறது என்பது தூரத்தைவிட முக்கியம். தார் ரோட்டில் பல் தேயும். கல்பாதையில், காலை மடக்கும்போது சுருங்குகிற சுண்டுவிரல் ஓரத்தில் வலைத்துணி கிழியும். ஈரத்திலேயே கிடந்தால் விரல் முனைக் காப்பு பசை விட்டுப் பிரியும். குதிகால் தளர்ந்திருந்தால் உள்துணி ஓட்டையாகி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தலைகாட்டும்; அது கிட்டத்தட்ட எப்போதும் அளவு சரியில்லை என்பதன் அடையாளம்.

ஆகவே வாங்கும்போது சுண்டுவிரல் ஓரத்தையும் விரல் முனையையும் கையால் தடவிப் பாருங்கள். தைத்த துண்டுகளைவிட உருக்கி ஒட்டிய மெல்லிய பூச்சு அந்த மடிப்பில் விரிசல் விடாமல் நிற்கும். அடியும் மேல்பாகமும் சேரும் கோட்டில் பசை இடைவெளி இருந்தால் அந்த ஜோடி வேண்டாம். தள்ளுபடியில் வாங்கினால் பெட்டியில் விலைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மாதமும் ஆண்டும் பாருங்கள். நாலைந்து வருடம் கிடங்கில் கிடந்த ஷூவில் பசை காய்ந்திருக்கும், நுரையும் உயிர் இழந்திருக்கும்.

விலை ஏறத்தாழ 4,000, 5,000 ரூபாயில் தொடங்கி 15,000-ஐத் தாண்டிப் போகிறது. கிலோமீட்டருக்கு என்று வகுத்துப் பார்ப்பது பயன்படும்: 12,000 ரூபாய் ஷூ 600 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய், 5,000 ரூபாய் ஷூ 400 ஓடினால் பன்னிரண்டரை. தொடக்கத்தில் மலிவான ஒன்றில் ஓடி, எது முதலில் தேய்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை வாங்குவதே புத்திசாலித்தனம். தார் ரோடு பாதிக்கு மேல் இருந்தால் 3 மி.மீ. பல்லும் கெட்டி ரப்பரும் உள்ளதாகப் பாருங்கள். ஈர மலைப்பாதையே முழுக்க என்றால் மென்மையான ரப்பருக்குப் பணம் கொடுங்கள், அது தேய்வதற்காக வருத்தப்படாதீர்கள்.

வாங்கிய பின் வீட்டுக்குள் சுத்தமான தரையில் அரைமணி நேரம் போட்டு நடங்கள். திருப்பித் தர வேண்டியிருந்தால் அடி அழுக்காகியிருக்கக் கூடாது. முதல் ஓட்டம் 5 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். எங்காவது சூடாகத் தேய்க்கிறது என்றால் அந்த இடத்தில்தான் பின்னால் கொப்புளம் வரும்.

கழுவும்போது இன்சோலையும் லேஸையும் கழற்றி, பச்சைத் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். வாஷிங் மெஷின் பசையைத் தளர்த்தும். உள்ளே செய்தித்தாளை அடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நிழலில் காயவையுங்கள். நேரடி வெயிலும், பூட்டிய காருக்குள் ஏறும் சூடும் பசையையும் நுரையையும் ஒருசேரக் கெடுக்கும். மழைக்காலத்தில் ஒரே நாளில் ஷூ காயாது. அடிக்கடி ஓடுகிறவர் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் கூடுதல் நாள் வரும்.

பல் பாதியாகத் தேய்ந்தாலோ, நுரையின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தும்போது நிரந்தரச் சுருக்கங்கள் தெரிந்தாலோ, வழக்கமான பாதையிலேயே முட்டி வலிக்கத் தொடங்கினாலோ ஓட்டத்துக்கு அதை ஓரங்கட்ட வேண்டிய நேரம். விரல் முனைக் காப்பு மட்டும் பிரிந்திருந்தால் ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம். மண்ணைச் சுத்தமாகத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, இரு பரப்பையும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். காலணிக்கென்று விற்கும் ரப்பர் பசையை இரண்டிலும் மெல்லிதாகப் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, அழுத்தி ஒட்டிக் கயிற்றால் கட்டி ஒரு நாள் விடுங்கள். உடனே ஒட்டும் சூப்பர் பசை வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்து, மடங்கும் இடத்தில் நொறுங்கும். தெருமுனையில் தைத்து வாங்குவதென்றால் மேல்துணியில் மட்டும் தையல் போடச் சொல்லுங்கள். அடியைச் சுற்றித் தைத்தால் ஒவ்வொரு ஊசித் துளையும் நுரையைக் கிழித்துத் தண்ணீருக்கு வழிவிடும்.